பாதரசத் தாதுவை அடர்ப்பிக்கும் முறைகள்: ஆய்வகச் சோதனைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாதரசத் தாதுவைக் கையாளுவதில் ஒரு பெரிய வசதி உண்டு. சூடாக்கினால் போதும், உலோகம் ஆவியாகிப் பிரிந்துவிடும். அந்த ஆவியைக் குளிரவைத்தால் பாதரசமாகச் சொட்டும். ஸ்பெயினின் அல்மாதேன், ஸ்லோவேனியாவின் இத்ரியா போன்ற பழைய சுரங்கங்கள் நூற்றாண்டுக் கணக்கில் இப்படித்தான் ஓடின. நல்ல சூளை தாதுவிலிருக்கும் பாதரசத்தில் 95 சதவீதம் வரை மீட்டுவிடும். அப்படியிருக்க, அரைத்து, கழுவி, நுரையில் மிதக்கவிட்டு அடர்ப்பிக்கும் வேலை எதற்கு?

எரிபொருளை நினைத்தால் விடை கிடைக்கும். தாதுவில் 0.4 சதவீதம் பாதரசம் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு டன்னில் 4 கிலோ. அந்த 4 கிலோவுக்காக ஏறக்குறைய 995 கிலோ வெறும் கல்லையும் சேர்த்து 700 டிகிரி அளவுக்குச் சூடேற்றுகிறோம். கல்லை முன்னாலேயே கழித்துவிட்டால் சூளை சின்னதாகிவிடும், வெளியேறும் புகையும் குறையும். ஆனால் கழிக்கும்போது பாதரசத்தில் ஒரு பகுதியும் கழிவோடு போய்விடும். ஆகவே ஆய்வகத்தில் நாம் செய்யும் ஒவ்வொரு சோதனையும் சூளையோடு போடும் போட்டிதான். இதை மறந்துவிட்டு அடர்தாதுவின், அதாவது கல்லைக் கழித்தபின் மிஞ்சும் செறிந்த தாதுவின், தரத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துபோன அறிக்கைகள் நிறைய உண்டு.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை 2017 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. உறுப்பு நாடுகளில் புதிய பாதரசச் சுரங்கம் திறக்க முடியாது. ஏற்கெனவே ஓடுபவைக்கும் 15 ஆண்டு அவகாசம்தான். அதனால் இன்று இந்தச் சோதனைகள் பெரும்பாலும் பழைய சுரங்கக் கழிவுக் குவியல்களுக்கும், பாதரசம் ஒட்டிக்கொண்டு வரும் ஆன்டிமனி, துத்தநாக, தங்கத் தாதுக்களுக்கும்தான் தேவைப்படுகின்றன. நோக்கம் மாறியிருக்கிறது, செய்முறை மாறவில்லை.

தொடங்கும் முன்: காற்று

20 டிகிரியில், மூடிய அறையில் சிந்திக் கிடக்கும் பாதரசம் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 13 மில்லிகிராம் வரை ஆவியாக நிறையும். வேலையிடத்தில் நீண்ட நாள் சுவாசிக்கத் தக்கதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 0.025 மில்லிகிராம். ஐந்நூறு மடங்கு வித்தியாசம். மணமும் இல்லை, நிறமும் இல்லை. பாதரசமும் கந்தகமும் சேர்ந்த முக்கியத் தாதுக் கனிமமான சின்னபார், அதாவது சாதிலிங்கம், அறை வெப்பத்தில் பெரிதாக ஆவியாகாது என்பது உண்மைதான். ஆனால் தாதுவில் தனிப் பாதரசத் துளிகள் இருந்தால், அல்லது அரைக்கும்போதும் உலர்த்தும்போதும் சூடேறினால், கதை வேறு.

எனவே நொறுக்குவது, உலர்த்துவது, சலிப்பது எல்லாம் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டுக்குள். சாதாரணத் தூசி முகமூடி பாதரச ஆவியைத் தடுக்காது. அதற்கென்று வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். மேசைமேல் விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டு விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், பாதரசம் அதை அரித்துவிடும். தங்க மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். சிந்தினால் வீட்டு வாக்குவம் கிளீனரைக் கொண்டு வராதீர்கள், அது ஆவியை அறை முழுக்கப் பரப்பும். துளிகளை உறிஞ்சுகுழலால் சேகரித்து, மீதியின்மேல் கந்தகத் தூள் தூவி அள்ளுங்கள். பின்னால் பயன்படுத்தப்போகும் மருந்துகளான சாந்தேட்டையோ சோடியம் சல்ஃபைடையோ அமிலத்தோடு சேரவிடவே கூடாது. முதலாவது கார்பன் டைசல்ஃபைடைக் கிளப்பும், இரண்டாவது ஹைட்ரஜன் சல்ஃபைடை.

படி 1: மாதிரி

பாதரசத் தாதுவில் மாதிரி எடுப்பதுதான் மிகவும் வழுக்கும் இடம். சின்னபார் பெரும்பாலும் பாறையின் விரிசல்களில் பூச்சுப் பூசினாற்போல ஒட்டியிருக்கும். கை நிறைய அள்ளினால் ஒரு கையில் சிவப்பு, இன்னொரு கையில் வெறும் கல். தனிப் பாதரசம் இருந்தால் இன்னும் மோசம். ஒரே ஒரு துளி தவறான பையில் விழுந்தால் அந்தப் பையின் கணக்கே கெட்டுவிடும்.

முழு மாதிரியையும் 10 மில்லிமீட்டர் அளவுக்கு நொறுக்கிய பிறகே பங்கு பிரியுங்கள். குவித்துக் கரண்டியால் அள்ளுவதைவிட, இருபுறமும் மாறி மாறிக் கொட்டும் பங்கீட்டுப் பெட்டி நல்லது. ஒவ்வொரு சோதனைக்கும் 1 கிலோ வீதம் பைகளில் கட்டி, எல்லாவற்றையும் ஒரே நாளில் தயார் செய்துவிடுங்கள். குறைந்த தரத் தாதுவை முதலில் நொறுக்கி, தரம் மிகுந்ததைக் கடைசியில் நொறுக்க வேண்டும். இடையிடையே சுத்தமான குவார்ட்ஸ் மணலைப் போட்டு எந்திரத்தைக் கழுவி, அந்த மணலையும் ஒரு தடவை பகுப்பாய்வுக்கு அனுப்புங்கள். அதில் பாதரசம் இருந்தால் எந்திரம் எவ்வளவு விழுங்குகிறது என்று தெரிந்துவிடும்.

உலர்த்துவதில் நானே ஏமாந்திருக்கிறேன். பழக்கத்தில் ஒரு மாதிரியை 105 டிகிரி அடுப்பில் இரவு முழுக்க விட்டுவிட்டேன். மறுநாள் எடை சரியாகத்தான் குறைந்திருந்தது, ஈரம் போயிற்று என்று எழுதி வைத்தேன். போனது ஈரம் மட்டுமில்லை என்பது பகுப்பாய்வு வந்த பிறகுதான் புரிந்தது. 40 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். அவசரமில்லையென்றால் கூண்டுக்குள் காற்றில் உலரவிடுவதே மேல்.

படி 2: என்ன கனிமம் என்று பார்ப்பது

சிவப்பாக இருப்பதெல்லாம் சின்னபார் இல்லை. ஹேமடைட்டும் (இரும்பு ஆக்சைடு) ரியல்காரும் (ஆர்செனிக் சல்ஃபைடு) சிவப்புதான். மெருகிடாத பீங்கான் ஓட்டில் தேய்த்துப் பாருங்கள்: சின்னபார் பளிச்சென்ற செந்நிறக் கோடு போடும், ஹேமடைட் செம்பழுப்பு, ரியல்கார் ஆரஞ்சு. அதேபோல, பாதரசமெல்லாம் சிவப்பும் இல்லை. அதே பாதரச சல்ஃபைடான மெட்டாசின்னபார் கறுப்பு. அமெரிக்காவின் நெவாடாவில் மெக்டெர்மிட் சுரங்கத் தாதுவில் சின்னபாரோடு குளோரின் கலந்த கார்டெராய்ட் என்ற கனிமமும் கணிசமாக இருந்தது. டெட்ராஹெட்ரைட் (செம்பும் ஆன்டிமனியும் கொண்ட சல்ஃபைடு) போன்ற கனிமத்தின் படிகத்துக்குள்ளேயே பாதரசம் புகுந்திருந்தால், எவ்வளவு அரைத்தாலும் அது தனியாக வராது. அந்தத் தாதுவுக்கு இந்த வழிகாட்டியில் பாதி பொருந்தாது.

50 கிராம் தூளை எடுத்து, அகலமான தட்டில் தண்ணீர் விட்டு அரித்துப் பாருங்கள். அடியில் சிவப்பு வால் தங்குகிறதா, துளிகள் உருள்கின்றனவா, பைரைட் (இரும்பு சல்ஃபைடு) மினுங்குகிறதா? பத்து நிமிடத்தில் கிடைக்கும் இந்தத் தகவல் அடுத்த பத்து நாள் வேலைக்கு வழிகாட்டும்.

பழைய ஆய்வாளர்களிடம் இன்னொரு அழகான உத்தி இருந்தது. வில்லமைட் (துத்தநாக சிலிகேட்) தூள் பூசிய திரைமேல் குறுகிய அலை புற ஊதா விளக்கைக் காட்டினால் திரை பச்சையாக ஒளிரும். நடுவே சூடாக்கிய தாதுத் துண்டைப் பிடித்தால், அதிலிருந்து எழும் பாதரச ஆவி திரையில் புகைபோல நிழலாட்டம் காட்டும். ஆவி 253.7 நானோமீட்டர் ஒளியை விழுங்குவதால் விழும் நிழல் அது. இன்றைய பகுப்பாய்வுக் கருவிகளும் இதே அலைநீளத்தில்தான் வேலை செய்கின்றன.

படி 3: பகுப்பாய்வை முதலில் நம்பத்தக்கதாக்குவது

அடர்ப்பித்தலின் தீர்ப்பு கழிவின் எண்ணில் இருக்கிறது. கழிவில் 0.06 சதவீதமா 0.05 சதவீதமா என்பதைப் பிரித்தறிய முடியாத ஆய்வகத்தை வைத்துக்கொண்டு சோதனை செய்வது வீண்.

பழைய எஷ்கா முறையில் தாதுத் தூளோடு இரும்புத் தூள் கலந்து சூடாக்கி, மேலே குளிர்ந்த தங்க மூடியில் பாதரசத்தைப் பிடித்து, மூடியின் எடைக் கூடுதலைப் பார்ப்பார்கள். எளிமையானது, ஆனால் இத்ரியா தாதுபோல நிலக்கீல் கலந்திருந்தால் அதுவும் மூடியில் படிந்து எண்ணை ஏற்றிவிடும். இன்று மாதிரியை நேரடியாகச் சூடாக்கி, தங்கத்தில் பிடித்து, ஒளி உறிஞ்சலால் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றுக்கு 0.1 கிராம் போதும். அதுதான் அவற்றின் பலவீனமும்: 0.1 கிராமுக்குள் ஒரு பெரிய சின்னபார் துகள் இருந்தால் எண் எகிறும். நன்றாக மாவாக அரைத்து, மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். அடர்தாதுவை நேராகக் கருவிக்குள் வைக்காதீர்கள். அடுத்த பத்து மாதிரிகளிலும் அதன் மிச்சம் தெரியும். சுத்தமான மணலோடு கலந்து நீர்த்துப்போகச் செய்யுங்கள், அல்லது மூடிய கலத்தில் இராஜ திராவகத்தில் (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவை) கரைத்து அளங்கள். நைட்ரிக் அமிலம் மட்டும் சின்னபாரைக் கரைக்காது.

படி 4: முதலில் சல்லடை

செலவில்லாத சோதனை என்பதால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சின்னபாரின் கடினத்தன்மை மோஸ் அளவில் 2 முதல் 2.5 தான், குவார்ட்ஸ் 7. நொறுக்கும்போது மென்மையான சின்னபார் பொடியாகும், கடினமான பாறை துண்டாக நிற்கும். ஆகவே நொறுக்கியதைத் தண்ணீர் விட்டுச் சலித்து, ஒவ்வொரு அளவுப் பிரிவையும் தனியாக எடைபோட்டுப் பகுப்பாய்வு செய்யுங்கள். பெரிய துண்டுகளில் பாதரசம் மிகக் குறைவு என்று வந்தால், அரைக்கும் முன்பே அவற்றைக் கழித்துவிடலாம். சில தாதுக்களில் இந்த ஒரு படியே பாதி வேலையை முடித்துவிடும். வரவில்லையென்றாலும் நட்டமில்லை, எந்த அளவில் பாதரசம் ஒளிந்திருக்கிறது என்ற வரைபடம் கையில் இருக்கும்.

படி 5: கனத் திரவத்தில் மூழ்குவதும் மிதப்பதும்

துகள்களைக் கனத்தைக் கொண்டு பிரிக்கும் ஈர்ப்பு முறை அதிகபட்சம் எவ்வளவு தரும் என்ற உச்சவரம்பை இது சொல்லும். டெட்ராபுரோமோஈதேனின் அடர்த்தி 2.96, குவார்ட்ஸும் கால்சைட்டும் அதில் மிதக்கும், சின்னபார் மூழ்கும். அந்தத் திரவம் நச்சு. சோடியம் பாலிடங்ஸ்டேட் தண்ணீரில் கரைவது, சுமார் 3.1 வரை போகும், கையாள எளிது. நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

மூன்று நான்கு அளவுப் பிரிவுகளில் இதைச் செய்து, மிதந்த பகுதியில் எவ்வளவு பாதரசம் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். 2 மில்லிமீட்டரில் மிதந்ததில் நிறைய, 0.3 மில்லிமீட்டரில் மிதந்ததில் சொற்பம் என்றால், சின்னபார் கல்லைவிட்டு விடுபடுவது அந்த இரண்டு அளவுக்கும் நடுவே. பைரைட்டும் பேரைட்டும் (பேரியம் சல்ஃபேட்) கூடவே மூழ்கும் என்பதை மறக்க வேண்டாம்.

படி 6: ஈர்ப்பு முறை

சின்னபாரின் ஒப்படர்த்தி 8.1, குவார்ட்ஸ் 2.65. இரண்டிலிருந்தும் தண்ணீருக்கான 1-ஐக் கழித்து வகுத்தால், 7.1-ஐ 1.65-ஆல் வகுக்க, 4.3 வருகிறது. 2.5-க்கு மேல் இருந்தாலே ஈர்ப்பு முறையில் பிரிப்பது எளிது என்பது பொது விதி. காகிதத்தில் இதைவிட நல்ல தாது கிடையாது.

நடைமுறையில் அந்த 4.3 பெரிய துகள்களுக்குத்தான். மிக நுண்ணிய துகள்களில் நீரின் பிசுபிசுப்பு ஆட்சி செய்யும். அங்கே இந்த எண்ணின் வர்க்கமூலம்தான் பயன்படும், அதாவது சுமார் 2.1. அந்த அளவில் ஒரு சின்னபார் துகளும் அதைப்போல இரண்டு மடங்கு பெரிய மணல் துகளும் ஒரே வேகத்தில் இறங்கும். சின்னபாரோ எளிதில் நுண்பொடியாகும் சரக்கு. குலுங்கு மேசையில், அதாவது தண்ணீர் ஓடவிட்டுக் குலுக்கிக் கனத் துகளைப் பிரிக்கும் சாய்ந்த பலகையில், தண்ணீரோடு சிவப்பாக ஓடிப்போவது அந்தப் பொடிதான்.

இதற்கு ஒரே மருந்து, கொஞ்சம் கொஞ்சமாக அரைப்பது. ஒரேயடியாக அரை மணி நேரம் ஆலையை ஓட்டாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் அரைத்து, சலித்து, நுண்ணியதை வெளியே எடுத்துவிட்டு, பெரியதை மட்டும் திரும்ப ஆலையில் போடுங்கள். உருண்டைகளைவிடக் கம்பிகள் போட்ட ஆலை பொடியைக் குறைவாக உண்டாக்கும்.

மேசைக்கு அனுப்பும் முன் அளவுவாரியாகப் பிரித்து, தனித்தனியாக ஓட்டுங்கள். தூளை முன்கூட்டியே தண்ணீரில் நன்றாக நனைத்துவிட வேண்டும். உலர்ந்த சின்னபார்ச் செதில்கள் தண்ணீரின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மிதந்தே போய்விடும். மேசை ஓடும்போது ஓரத்தில் சிவப்புக் கோடு தெரியும், பார்க்கப் பிரமாதமாக இருக்கும். அதை வைத்துப் பிரிப்பானை நகர்த்தலாம், ஆனால் முடிவு எடுக்கக் கூடாது. சின்னபார் கடுமையான நிறமி. கொஞ்சம் இருந்தாலே எல்லாம் சிவந்துவிடும். நடுவில் வரும் இடைச்சரக்கை அடர்தாதுவிலும் சேர்க்காமல் கழிவிலும் சேர்க்காமல் தனியாக எடைபோட்டு, மறுபடி அரைத்து ஓட்டிப் பாருங்கள். சாதாரணமாக ஈர்ப்பு முறை தரமான அடர்தாது தரும், ஆனால் மீட்பில் கையைச் சுடும். சோதனையின் நேர்மை அந்த இடைச்சரக்கிலும் நுண்சேற்றிலும்தான் தெரியும்.

படி 7: நுரை மிதப்பு

அரைத்த தாதுக் கூழில் காற்றுக் குமிழிகளைச் செலுத்தி, அவற்றோடு ஒட்டி மேலே வரும் சின்னபாரை நுரையோடு வழித்தெடுக்கும் முறை இது. என் கணிப்பில், பெரும்பாலான பாதரசத் தாதுக்களுக்குச் சூளையோடு போட்டியிடும் தகுதி உள்ள ஒரே முறை இதுதான். மெக்டெர்மிட் சுரங்கத்தில் 1970களில் தாதுவை முதலில் நுரை மிதப்பில் அடர்ப்பித்து, அடர்தாதுவை மட்டும் சூளைக்கு அனுப்பினார்கள்.

தொடக்கச் சோதனைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். 1 கிலோ தாது. 75 மைக்ரான் சல்லடையில் 60 முதல் 70 சதவீதம் இறங்கும் அளவுக்கு அரைத்தது. கூழில் திடப்பொருள் 25 முதல் 30 சதவீதம். பிஹெச் 7 முதல் 8. சின்னபாரின் மேற்பரப்பைத் தயார்ப்படுத்தும் தூண்டுபொருளாகக் காப்பர் சல்ஃபேட் அல்லது லெட் நைட்ரேட், டன்னுக்கு 200 கிராம், 5 நிமிடம் கலக்கவும். துகளைக் குமிழியோடு ஒட்டவைக்கும் சேகரிப்பானாகச் சாந்தேட், டன்னுக்கு 100 கிராம், 2 நிமிடம். நுரைக்குப் பைன் எண்ணெய் சில துளிகள். அப்புறம் காற்றைத் திறக்கலாம்.

இந்த ‘டன்னுக்கு இத்தனை கிராம்’ கணக்கில் புதியவர்கள் தடுமாறுவார்கள். 1 கிலோ தாதுவுக்கு டன்னுக்கு 100 கிராம் என்றால் 0.1 கிராம், 1 சதவீதக் கரைசலாகக் கரைத்து வைத்தால் 10 மில்லிலிட்டர். சாந்தேட் கரைசலை அன்றன்றைக்குத் தயாரியுங்கள், பழசானால் வலுவிழக்கும்.

நுரையை ஒரே பாத்திரத்தில் வழிக்காதீர்கள். முதல் 1 நிமிடம், அடுத்த 2, அடுத்த 4, அடுத்த 8 என்று நான்கு பாத்திரங்கள். பாதரசம் முதல் இரண்டிலேயே வந்துவிட்டதா, கடைசி வரை இழுக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். கடைசி வரை இழுத்தால் இரண்டு காரணம்: துகள் கல்லைவிட்டு விடுபடவில்லை, அல்லது நுண்சேறு சின்னபாரின்மேல் போர்த்திக்கொண்டிருக்கிறது. முதலாவதற்கு இன்னும் நுண்ணியதாக அரைக்க வேண்டும். இரண்டாவதற்குச் சோடியம் சிலிகேட், டன்னுக்கு 500 கிராம் போட்டுப் பாருங்கள். எது என்று தெரியாமல் இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எதுவும் கற்றுக்கொள்ள முடியாது.

பைரைட் கூட வந்து தரத்தைக் கெடுத்தால் சுண்ணாம்பு சேர்த்து அடக்கலாம். ஸ்டிப்னைட் (ஆன்டிமனி சல்ஃபைடு) இருக்கும் தாதுவில் லெட் நைட்ரேட் அதையும் சேர்த்தே தூக்கிவிடும். முதலில் காப்பர் சல்ஃபேட்டோடு ஓட்டிப் பாருங்கள். அடர்தாதுவை சுத்தமான தண்ணீரில் இரண்டு தடவை மறுபடி மிதக்கவிட்டுச் சுத்தப்படுத்தினால் தரம் வேகமாக ஏறும். தனிப் பாதரசத் துளிகளில் சில மிதக்கும், சில கலத்தின் அடி மூலையில் பதுங்கும். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் கலத்தைக் கழற்றிப் பாருங்கள்.

படி 8: கரைத்தெடுப்பது

மேலே எதுவும் சரிப்படவில்லை, கழிவுச் சேறு மிக நுண்ணியது என்றால், சோடியம் சல்ஃபைடும் காஸ்டிக் சோடாவும் கலந்த கரைசல் சின்னபாரைக் கரைக்கும். வடிகட்டி, அலுமினியத் தூள் போட்டால் பாதரசம் வீழ்படியும். சில நூறு கிராமில் செய்து பார்க்கத் தக்கது. மருந்துச் செலவும் கழிவுநீரும்தான் தலைவலி.

படி 9: கணக்கு

இங்கேதான் சோதனை உண்மையா பொய்யா என்பது வெளிப்படும். விளக்கத்துக்காக ஒரு கணக்கு. தாது 1000 கிராம், பகுப்பாய்வில் 0.40 சதவீதம்; ஆக 4.00 கிராம் பாதரசம். அடர்தாது 13.2 கிராம், 24.1 சதவீதம், அதில் 3.18 கிராம். கழிவு 984 கிராம், 0.06 சதவீதம், அதில் 0.59 கிராம்.

மூன்று தரங்களை மட்டும் வைத்துக் கணக்கிடும் வழக்கமான சூத்திரம் ஒன்று உண்டு: தாதுவின் தரத்திலிருந்து கழிவின் தரத்தைக் கழித்து, அடர்தாதுவின் தரத்தால் பெருக்கி, அதைத் தாதுவின் தரத்தால் வகுத்து, மறுபடி அடர்தாதுவுக்கும் கழிவுக்கும் உள்ள தர வித்தியாசத்தால் வகுப்பது. விடை 85.2 சதவீதம். வெளிவந்த பொருள்களை மட்டும் கூட்டி, 3.18-ஐ 3.77-ஆல் வகுத்தால் 84.4 சதவீதம். உள்ளே போட்ட 4.00 கிராமோடு ஒப்பிட்டால் 79.5 சதவீதம்தான்.

ஒரே சோதனை, மூன்று விடைகள். அறிக்கையில் எது ஏறும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் 0.23 கிராம் பாதரசம் காணவில்லை என்பதுதான் அங்கே உண்மையான செய்தி. ஆலையின் கம்பிகளில் பூசிக்கொண்டதா, வடிகட்டும் துணியிலா, வடிகட்டிய தண்ணீரிலா, உலர்த்தும் அடுப்பிலா? வெளிவந்ததைக் கூட்டினால் வரும் பாதரசம் உள்ளே போனதிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகினால், அந்தச் சோதனையை ஒதுக்கிவிட்டு மறுபடி செய்வது என் வழக்கம். மற்ற உலோகங்களில் காணாமல் போனது பெரும்பாலும் எடைத் தவறு. பாதரசத்தில் அது நம் மூச்சில் போயிருக்கலாம்.

படி 10: சூளையோடு ஒப்பிடுவது

அடர்தாதுவைச் சுண்ணாம்போடு கலந்து சிறிய மூடிய வாலையில் சூடாக்கி, எவ்வளவு பாதரசம் வடிகிறது என்று பாருங்கள். சுண்ணாம்பு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். அடர்ப்பித்ததில் மீட்பு 85, வாலையில் மீட்பு 98 என்றால் மொத்தம் 83 சதவீதம். நேரடிச் சூளையின் 95-க்கு எதிரே 12 புள்ளி குறைவு. அதற்குப் பதிலாகச் சூடாக்க வேண்டிய சரக்கு எழுபதில் ஒரு பங்குக்கும் கீழே. எரிபொருள் மிச்சம் அந்த 12 புள்ளியை ஈடுகட்டுமா என்பது தாதுவின் தரத்தைப் பொறுத்தது. தரம் குறையக் குறைய அடர்ப்பித்தல் பக்கம் தராசு சாயும்.

பழைய கழிவுக் குவியலைச் சுத்தம் செய்வதுதான் நோக்கம் என்றால் கேள்வியே தலைகீழ். அங்கே அடர்தாது எவ்வளவு செறிவாக இருந்தாலும் பயனில்லை, மிஞ்சும் 0.06 சதவீதக் கழிவு என்பது கிலோவுக்கு 600 மில்லிகிராம் பாதரசம், அதைத் திறந்த வெளியில் கொட்ட முடியாது. அந்தக் கழிவைத் தண்ணீரில் குலுக்கி எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் சோதனையைக் கடைசியில் தள்ளாமல் முதல் சுற்றிலேயே செய்துவிடுங்கள்.

நல்லதாக வந்த ஒரு சோதனையை அப்படியே இன்னும் இரண்டு தடவை செய்யுங்கள். எல்லாம் முடிந்த பிறகு சேர்த்து வைத்த கழுவுநீரைச் சாக்கடையில் ஊற்றாமல், கொஞ்சமாகச் சோடியம் சல்ஃபைடு விட்டு, கரைந்திருக்கும் பாதரசத்தைக் கறுப்பாக வீழ்படியவைத்து வடிகட்டி எடுங்கள். துளித்துளியாக விடுங்கள், கூடுதலாக ஊற்றிவிட்டால், படி 8-இல் சொன்ன அதே வேதியியல்தான், வீழ்ந்த பாதரசம் திரும்பக் கரைய ஆரம்பித்துவிடும்.